கணக்கில் சேராத விபத்து

அமெரிக்காவில் நாங்கள் வசிக்கும் தெருவின் முனையில் நான்கு பக்கமும் ஸ்டாப் சைன், அதாவது வண்டிகளை நின்று போகச் சொல்லும் பலகை, வைக்க வேண்டும் என்று நாங்கள் கொடுத்த மனுவுக்கு, ஊர் நிர்வாகத்தைப் பார்க்கும் டவுன்ஷிப் அலுவலகம் அனுப்பிய பதில் மரியாதையாகத்தான் இருந்தது. நன்றியில் தொடங்கி நன்றியிலேயே முடிந்தது. நடுவில் இருந்த ஒரு வரிதான் நெஞ்சில் தைத்தது. நான்கு கிளைகள் கூடும் சந்திப்பில் 12 மாதங்களில் 5 விபத்துகளோ, 36 மாதங்களில் 6 விபத்துகளோ பதிவாகியிருந்தால்தான் விபத்தைக் காரணம் காட்டி அப்படிப் பலகை வைக்க இடமுண்டு. இந்தச் சந்திப்பில் பதிவானவை அந்த எண்ணிக்கையைத் தொடவில்லை என்று எழுதியிருந்தார்கள். அன்று இரவு, காட்பாடியில் விடிந்துகொண்டிருந்த நேரத்தில், அப்பாவுக்குத் தொலைபேசியில் அதைப் படித்துக் காட்டினேன். ராணிப்பேட்டை பெல் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். ஆபத்து எங்கே இருக்கிறது என்று முதலில் பார்ப்பது, அடிபடும் முன்பே தடுப்பு வைப்பது என்பதெல்லாம் அவருக்கு ஆலைக்குள் ஊறிய பழக்கம். “இன்னாம்மா இது, அஞ்சு பேரு அடிபட்ட அப்புறந்தான் பலகை நடுவாங்களா?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நியூ ஜெர்சியின் நடுப்பகுதியில், மாலை நடைக்குப் போனால் தமிழும் தெலுங்கும் குஜராத்தியும் காதில் விழுகிற ஊர் எங்களுடையது. எங்கள் தெரு, பள்ளிக்கும் ரயில் நிலையத்துக்கும் போகிற பெரிய தெருவைக் குறுக்கே கடந்து செல்கிறது. எங்கள் தெருவில் வருகிறவர்கள் நின்று போக வேண்டும். பெரிய தெருவில் வருகிறவர்களுக்கு நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. வேக வரம்பு மணிக்கு 25 மைல், அதாவது நம் கணக்கில் 40 கிலோமீட்டர். காலையில் ரயிலைப் பிடிக்கப் பறக்கிறவர்கள் அதை மதிப்பதில்லை. ஒரு மூலையில் மேப்பிள் மரக் கிளை பலகையின் பாதியை மறைத்திருந்தது. எதிர் மூலையில் ஆளுயரத்துக்கு வளர்ந்த வேலிச் செடி. ஸ்டாப் சைனிலிருந்து 50 அடிக்குள் வண்டி நிறுத்தக் கூடாது என்பது இம்மாநிலச் சட்டம் என்றாலும், முனைவரை வண்டிகள் வரிசையாக நின்றிருக்கும். முறைப்படி நின்று பார்த்தால் இடப்பக்கம் எதுவும் தெரியாது. வண்டியை அங்குலம் அங்குலமாக முன்னே நகர்த்தி, அதன் முன்பகுதி பெரிய தெருவுக்குள் நுழைந்த பிறகுதான், வந்துகொண்டிருப்பது கண்ணில் படும்.

இதைவிடக் கொடிய ஒரு காரணமும் உண்டு. முன்னும் பின்னும் உள்ள சந்திப்புகளில் நான்கு பக்கமும் பலகை இருக்கிறது. அங்கெல்லாம் முதலில் வந்தவர் முதலில் போவார், ஒரே நேரத்தில் வந்து நின்றால் வலப்பக்கம் இருப்பவருக்கு வழி விடுவார்கள். அந்தப் பழக்கத்திலேயே எங்கள் முனைக்கு வருகிற புதியவர், குறுக்கே வருகிறவரும் நிற்பார் என்று நம்பி வண்டியை எடுத்துவிடுகிறார். ஸ்டாப் சைனுக்கு 1923-இல் எட்டு மூலை வடிவம் வகுக்கப்பட்டது முதல் அது எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் அடையாளம் தெரிகிற பலகை. குறுக்குத் தெருவில் அதன் முதுகு தெரிகிறதா என்று பார்த்தாலே அவர் நிற்பாரா மாட்டாரா என்று தெரிந்துவிடும். ஆனால் செடியும் நிறுத்திய வண்டிகளும் மறைக்கிற இடத்தில் யாரால் அதைப் பார்க்க முடியும்?

ஏப்ரல் மாதத்தில் ஒரு மாலை, எங்கள் தெருவில் ஐந்தாம் வகுப்புப் படிக்கிற ஒரு பையன் அந்த முனையில் சைக்கிளோடு அடிபட்டான். பெற்றோர் ஆரணிப் பக்கத்துக்காரர்கள். வண்டியை ஓட்டி வந்த மூதாட்டி உடனே இறங்கி, பையனை மடியில் சாய்த்துக்கொண்டு அழுதார். அவருடைய அழுகையைப் பார்த்த பையனின் அப்பா, “ஒன்றும் ஆகவில்லை, நீங்கள் போங்கள்” என்று சொல்லி அவரைத் தேற்றி அனுப்பிவிட்டார். இரவில் மணிக்கட்டு வீங்கி, எக்ஸ்ரே எடுத்தபோதுதான் எலும்பு முறிந்திருப்பது தெரிந்தது. அதற்குப் பிறகும் அவர் காவல்துறையை அழைக்கவில்லை. ஆகவே அந்தக் குழந்தையின் முறிந்த மணிக்கட்டு, டவுன்ஷிப் அலுவலகம் எண்ணிய விபத்துகளில் இல்லை. அந்தக் கடிதத்தைப் படித்தபோது எனக்கு வலித்தது இதுதான்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் பக்கத்தில் தெருவில் யாராவது அடிபட்டால் டீக்கடையிலிருந்து நான்கு பேர் ஓடி வருவார்கள்; ஒருவர் சோடாவை உடைத்து முகத்தில் தெளிப்பார்; இன்னொருவர் ஆட்டோவை மறிப்பார்; பெரியவர் ஒருவர் இரு தரப்பையும் உட்காரவைத்து, மருத்துவச் செலவைக் கொடுக்கச் சொல்லி, போலீஸு கேஸுன்னு எதுக்குப்பா என்று பேசி முடித்துவிடுவார். அந்தப் பேச்சில் இரக்கம் இருந்தது, பொறுப்பும் இருந்தது. அதே மனத்தோடுதான் அவர் அந்த மூதாட்டியை அனுப்பினார். கூடவே, இங்கே நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் பச்சை அட்டைக்கான (கிரீன் கார்டு) வரிசையில் காத்திருக்கும் குடும்பம், எந்தப் பதிவேட்டிலும் பெயர் ஏறக் கூடாது என்ற பயம். காயம் பட்ட விபத்தை உடனே காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது இம்மாநிலச் சட்டம் என்பதையும், புகார் கொடுப்பதால் குழந்தைக்குத்தான் பாதுகாப்பு என்பதையும் அவர் வீட்டில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். இங்கே எழுதி வைத்ததுதான் நடந்தது. எழுதாமல் விட்டதை, எத்தனை பேர் கண்ணால் பார்த்திருந்தாலும், எந்தக் கூட்டத்திலும் எடுத்து வைக்க முடியாது.

இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். பனியில் வண்டி ஓட்டுகிறேன், அக்டோபரில் இலைகளை வாரிப் பையில் கட்டித் தெருவோரம் வைக்கிறேன். ஆனால் அந்த முனையில் சாலையைக் கடக்க நிற்கும்போதெல்லாம் நான் நிற்பது சத்துவாச்சாரியில். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை அந்த ஊரை இரண்டாகக் கிழித்துக்கொண்டு போகிறது; ஒரு பக்கத்தில் வீடு, மறுபக்கத்தில் கடை. பாட்டி என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை உயர்த்தி, ஓட்டுநரின் முகத்தைப் பார்த்தபடியே நடப்பார். நடுவில் நிற்கவும் மாட்டார், ஓடவும் மாட்டார். லாரிகள் வேகம் குறைத்து எங்களைச் சுற்றிப் போகும். அங்கே ஓட்டுகிறவர்கள் மனிதர்களைப் பார்த்து ஓட்டுகிறார்கள். இங்கே பலகையைப் பார்த்து ஓட்டுகிறார்கள். பலகை இல்லாத இடத்தில் மனிதர் நிற்பது பலருடைய கண்ணில் பதிவதே இல்லை. அங்கே அந்த நெடுஞ்சாலை பறித்த உயிர்களை நான் மறக்கவில்லை. ஆனாலும் உயர்த்திய கைக்கு ஒரு மதிப்பு இருந்தது. குடியாத்தத்திலிருந்து கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவைப் பார்த்துவிட்டு, ஆறு மாதம் தங்க இங்கு வந்த பக்கத்து வீட்டு அம்மா, முதல் நாளே எங்கள் முனையில் அப்படிக் கையை உயர்த்தினார். வந்த வண்டி நின்றது. உள்ளே இருந்தவர் சிரித்தபடி தாமும் கையசைத்தார். அம்மா மிகவும் மகிழ்ந்து, “யாரும்மா அது, உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?” என்று என்னிடம் கேட்டார். நாங்கள் இருவரும் வீடு வரும்வரை சிரித்தோம்.

கோரிக்கை வைக்கும் முறையிலும் இரண்டு ஊர்களும் வெவ்வேறு. காட்பாடி காந்தி நகரில் எங்கள் தெருமுனைக்கு வேகத்தடை கேட்டு அப்பா, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்வு நாளில் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு போனார். மனுவால் வராத வேகத்தடை, ஒரு விபத்துக்குப் பின் நடந்த சாலை மறியலால் வந்தது. தாசில்தாரும் இன்ஸ்பெக்டரும் வந்து பேசினார்கள், மறுநாள் விடியலில் தார் கொட்டியிருந்தது. வட்டமான மேட்டுத் தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் குழுமத்தின் விதி சொல்கிறது. அங்கே எழுந்ததோ வெள்ளைப் பட்டை கூட இல்லாத செங்குத்து மேடு. இருட்டில் அதில் ஏறி விழுந்தவர்கள் உண்டு. வேகமாகக் கிடைப்பதும் முறையாகக் கிடைப்பதும் ஒன்றல்ல என்பதை அங்கேயே பார்த்திருந்ததால், இங்குள்ள விதிப் புத்தகத்தை வெறுக்காமல் படிக்கத் தொடங்கினேன்.

அமெரிக்க மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் வெளியிடும் போக்குவரத்துக் குறியீட்டுக் கையேட்டின் 11-ஆம் பதிப்பு 2023 டிசம்பரில் வந்தது. வேகத்தைக் குறைப்பதற்காக மட்டும் ஸ்டாப் சைனைப் பயன்படுத்தக் கூடாது என்று அது சொல்கிறது. தேவையற்ற இடத்தில் வைத்த பலகையை ஓட்டுநர்கள் மதிக்காமல் போவார்கள், அந்த அலட்சியம் நடப்பவரையே கொல்லும் என்பதால் அதை நான் ஏற்கிறேன். ஆனால் விபத்து எண்ணிக்கை ஒன்றே வழி என்று அந்தப் புத்தகம் சொல்லவில்லை. நின்ற பிறகும் குறுக்கே வருவது தெரியாத இடமாக இருந்தால், அதையே தனிக் காரணமாகக் கொண்டு எல்லாப் பக்கமும் பலகை வைக்கலாம் என்று இருக்கிறது. எங்களுக்கு வந்த கடிதத்தில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

தொரப்பாடி அரசு பாலிடெக்னிக்கில் சிவில் படித்துவிட்டு இங்கே வேறு வேலையில் இருக்கும் தம்பி ஒருவர் எங்கள் தெருவில் உண்டு. “அக்கா, நாமே அளந்துடலாம்” என்றார். ஞாயிறு காலையில் டேப்பும் சுண்ணக்கட்டியுமாக இறங்கினோம். பெரிய தெருவின் விளிம்பிலிருந்து 14.5 அடி பின்னால், தரையிலிருந்து 3.5 அடி உயரத்தில் ஓட்டுநரின் கண் இருப்பதாகக் கொண்டு பார்க்க வேண்டும் என்பது இங்குள்ள சாலை வடிவமைப்பு விதி. 25 மைல் வேகச் சாலையில், நின்ற வண்டி இடப்புறம் திரும்ப 280 அடி தூரம் தெரிய வேண்டும். எங்கள் முனையில் அதில் பாதிகூடத் தெரியவில்லை. முக்காலி போட்டு அதே உயரத்தில் கேமராவை வைத்து, தம்பி ஒவ்வொரு மூலையிலும் படம் எடுத்தார். எதிர் வீட்டு இத்தாலிய முதியவர் எங்களுக்குக் காபி கொண்டு வந்து கொடுத்துவிட்டு, டேப்பின் மறுமுனையைத் தாமே பிடித்துக்கொண்டார்.

ஊர் மன்றக் கூட்டங்களில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்கியாக வேண்டும் என்பது இம்மாநிலச் சட்டம். பெயரையும் முகவரியையும் மட்டும் கேட்டார்கள், வாக்குரிமை உண்டா என்று கேட்கவில்லை. எனக்கு வாக்குரிமை இல்லை. இருந்தும் ஒலிவாங்கியின் முன் நின்று, அளந்த அளவுகளைப் படித்தேன். இதே மாநிலத்தில் ஹோபோக்கன் நகரம் தெருமுனைகளில் வண்டிகள் நிற்காதபடி செய்து பார்வையைத் திறந்துவிட்டதையும், அங்கே 2017 தொடங்கிப் பல ஆண்டுகள் சாலை விபத்தில் ஓர் உயிரும் போகவில்லை என்பதையும் சொன்னேன். பிறகு, நான் எதிர்பாராத வகையில், ஆரணிக்காரர் எழுந்து தம் மகனின் எக்ஸ்ரேயை உயர்த்திக் காட்டினார். ஆங்கிலத்தில் மெல்ல, தடுமாறாமல் பேசினார். மன்றத்தில் இருந்தவர்கள் குறிப்பு எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள்.

அதன் பிறகு வேலை நடந்தது. கிளையை வெட்டினார்கள். 30 அங்குலப் பலகையை எடுத்துவிட்டு 36 அங்குலப் பலகை வைத்தார்கள். குறுக்கே வருபவை நிற்கமாட்டா என்று எழுதிய சிறு பலகையை அதன்கீழ் பொருத்தினார்கள். நிற்கும் கோட்டைப் புதிதாக வெள்ளையடித்தார்கள். அதற்கு மனமார நன்றி சொல்லிக் கடிதம் எழுதினோம். நான்கு பக்கப் பலகைக்கு மட்டும், போக்குவரத்தை எண்ணிப் பார்த்துத்தான் முடிவெடுப்போம் என்றார்கள்.

மேலே ஏறிப் போகும் வண்டிகளை எண்ணுவதற்கான ரப்பர்க் குழாய்களை அவர்கள் சாலையில் விரித்தது ஜூலை மாதத்தில்! பள்ளிக்கு விடுமுறை. எங்கள் தெருவின் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன, எல்லோரும் ஊரில். ஆரணிக்காரர் குடும்பம் ஆரணியில், தம்பி குடியாத்தத்தில், நானும் பிள்ளைகளும் காட்பாடியில், ஆடி மாதத்துக் கூழ் ஊற்றலில் வேப்பிலை வாசனையோடு நின்றிருந்தோம். எதிர் வீட்டு முதியவர்தான் குழாய்களைப் படம் எடுத்து அனுப்பினார். ஓடை பிள்ளையார் கோயில் நிறுத்தத்தில் பேருந்துக்காகக் காத்திருந்தபோது அந்தப் படத்தைப் பார்த்தேன். சுற்றிலும் ஹாரன் ஒலி, மல்லிகைக் கூடை, வெயில், எல்லாம் என்னுடையவை. ஆனாலும் பதின்மூன்றாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒரு தெருமுனைக்காக எனக்கு அங்கே கண் கலங்கியது.

எண்ணும் முறையிலும் எங்களுக்குச் சொல்ல இருக்கிறது. பெரிய தெருவில் மணிக்கு 300 வண்டிகள் வருவதோடு, சிறிய தெருவிலிருந்து மணிக்கு 200 பேர் வர வேண்டும் என்று கையேடு சொல்லும் இடத்தில், அந்த 200-இல் வண்டிகள் மட்டுமல்லாமல் நடப்பவர்களும் சைக்கிளில் வருபவர்களும் சேர்த்தி. ரப்பர்க் குழாய்க்கோ சக்கரம் மட்டுமே தெரியும். தோளில் பையோடு போகும் குழந்தையும், கேன்வாஸ் ஷூவும் புடவையுமாக மாலையில் நடக்கும் அம்மாக்களும் அதன்மேல் அடி வைத்துப் போனாலும் எண்ணிக்கையில் ஏறமாட்டார்கள். மேலும், அந்த முனைக்குப் பயந்தே பலர் கூப்பிடு தூரத்தில் இருக்கும் பள்ளிக்குக் காரில் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுகிறார்கள். ஆபத்தால் நடக்காதவர்களை, நடக்க ஆளில்லை என்று எழுதுவது நியாயமாகாது. ஆகவே பள்ளி திறந்த பிறகு, கேமரா வைத்தோ ஆள் நிறுத்தியோ நடப்பவர்களையும் சேர்த்து மறுபடி எண்ண வேண்டும் என்று எழுத்தில் கேட்டிருக்கிறோம். பார்வை தெரியாததைத் தனிக் காரணமாக எடுத்துக்கொள்ளும்படி, தம்பியின் படங்களையும் அளவுகளையும் இணைத்திருக்கிறோம். ஆரணிக்காரர் ஏப்ரல் மாத விபத்தைப் பற்றி மருத்துவச் சான்றோடு காவல்துறையில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

மறு எண்ணிக்கைக்குச் சம்மதம் வந்திருக்கிறது. எந்த நாள் என்று சொல்லவில்லை. அதனால் பள்ளி திறக்கும் நாள் முதல் எங்கள் தெருப் பிள்ளைகளைக் காரில் அனுப்பாமல், பெரியவர்கள் முறை வைத்துக் கூட்டாக நடத்திக் கூட்டிப் போவது என்று முடிவு செய்திருக்கிறோம். செப்டம்பரில் அப்பா வருகிறார். நடப்பவர்களையும் எண்ணுவார்கள் என்று சொன்னதும், காலை முறையைத் தமக்கே தர வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.