காயலாங்கடைக் கல்லாவில் தொடங்க வேண்டிய கட்டுப்பாடு

மூடி காணாமல் போன சாக்கடைக் குழியில் யாராவது விழுந்ததும், தெருத்தொட்டியில் இரும்பு பொறுக்குபவரைத்தான் முதலில் விரட்டுகிறோம். நாற்பது ஐம்பது கிலோ வார்ப்பிரும்பு மூடி தோள் சாக்கில் போகாது, வண்டியில்தான் போகும். அதை எடைபோட்டு வாங்க ஒரு கடையும் வேண்டும். சட்டத்தின் கண் அந்தக் கடைமேல் விழட்டும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் நாட்டின் குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை உண்டு. மூடி, பித்தளைத் தண்ணீர் மீட்டர், தெருவிளக்குக் கேபிள் மூன்றும் வீட்டுக் குப்பையில் வரும் சாமான்கள் அல்ல. அவற்றை விற்க வருபவரின் பெயர், வண்டி எண், எடை, தேதி கடை நோட்டில் ஏற வேண்டும்.

இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமான 2013 சட்டம் பழைய உலோகத்துக்கு ரொக்கம் கொடுப்பதையே தடைசெய்கிறது. அங்கே தெருத்தெருவாகச் சேகரிப்பவரும் ஒவ்வொரு உள்ளாட்சியிலும் தனி உரிமம் எடுக்க வேண்டும். அதை இங்கே அப்படியே கொண்டுவந்தால், மாலையில் மூன்று கிலோ தகரம் போட்டு அரிசி வாங்குபவர் பட்டினி கிடப்பார். 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் காட்டிய வழி நியாயமானது: குப்பை சேகரிப்பவர்களை அங்கீகரித்து, வீடுவீடாக எடுக்கும் வேலையில் உள்ளாட்சி சேர்த்துக்கொள்ள வேண்டும். புனேயின் 'ஸ்வச்' கூட்டுறவு அப்படித்தான் இயங்குகிறது.

ஒயரை எரிப்பதைத் தடுக்கத் தடை மட்டும் போதாது. உரித்த செம்புக்கு விலை அதிகம், பிளேடால் உரிக்க நேரமாகும், அதனால் எரிக்கிறார்கள். ஒயரின் பிளாஸ்டிக் உறையான பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்ஸினும் என்ற நச்சுகள் கிளம்பும். செம்பும் கருத்துப்போய், பளபளப்பான கம்பியின் விலைக்குப் போகாது. கடையில் கையால் சுற்றும் உரிப்பு இயந்திரம் ஒன்று இருந்தால் தடித்த ஒயருக்கு நெருப்பே வேண்டாம். மெல்லிய ஒயரை உறையோடு எடைபோட்டு வாங்கலாம்.

கடையின் எலெக்ட்ரானிக் தராசில் அரசு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமிருந்தால் சீல் உடைக்காத ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை வையுங்கள். ஒரு கிலோவுக்குச் சற்று மேலே காட்ட வேண்டும். குறைத்துக் காட்டினால் அந்தக் கடை தினமும் ஏழையின் எடையைத் திருடுகிறது.

பழைய ஃபிரிட்ஜைத் தெருவில் தள்ளாதீர்கள். கம்ப்ரஸருக்காகக் குழாயை வெட்டுவார்கள். இப்போதைய பல மாடல்களில் அந்தக் குழாயில் இருப்பது எளிதில் தீப்பிடிக்கும் ஐசோபியூட்டேன் வாயு. ஃபிரிட்ஜை மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். டின் மூடி, உடைந்த கண்ணாடியைத் தாளில் சுற்றித் தனியாகக் கட்டி, சேகரிப்பவர் கையிலேயே கொடுங்கள்.