இலஞ்சிக்கு எத்தனை யூனிட்

ஜூன் 14, 2025, சனி

சாரல் ஆரம்பித்துவிட்டது என்று சித்தி போனில் சொன்னதிலிருந்து அம்மா வேறு எதையும் பேசுவதில்லை. குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் இலஞ்சிக்குப் போயே ஆக வேண்டுமாம். பொதிகை எக்ஸ்பிரஸில் டிக்கெட் பார்த்தேன். வெயிட்டிங் லிஸ்ட் நூறைத் தாண்டி நிற்கிறது. "காருதான் வாசல்ல நிக்கே" என்றாள் அம்மா.

நிற்கிறதுதான். வாங்கி எட்டு மாதம் ஆன எலெக்ட்ரிக் கார், இதுவரை போன அதிகபட்சத் தூரம் புதுச்சேரி. குரோம்பேட்டையிலிருந்து இலஞ்சி 610 கிலோமீட்டர் சொச்சம்.

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பேட்டரி 40.5 யூனிட். ஏ.சி. போட்டு, மூன்று பேர் உட்கார்ந்து, 85இல் போனால் யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் கிடைக்கிறது. இது நானே எட்டு மாதமாக டைரியில் குறித்துவைத்த எண். சான்றிதழில் போட்டிருக்கும் ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரம், வேறு உலகம், அதை மறந்து நாளாயிற்று. 610ஐ ஏழால் வகுத்தால் 87 யூனிட். வீட்டில் முழுதாக ஏற்றிக்கொண்டு கிளம்பினால் வழியில் ஐம்பது, அறுபது யூனிட் வேண்டும். அவ்வளவுதான், பெரிய விஷயம் இல்லை என்று தோன்றியது. படுக்கும்போதுதான் அம்மாவின் முழங்கால் ஞாபகம் வந்தது.

ஜூன் 17, செவ்வாய்

நாற்பது பக்க நோட்டில் கட்டம் போட்டிருக்கிறேன். இடம், கி.மீ., எத்தனை கன் (காரில் மாட்டும் சார்ஜர் முனை), எத்தனை கிலோவாட், சாப்பாடு. கடைசிக் கட்டம்: கக்கூஸ்.

இவர் பார்த்துச் சிரித்தார். சிரிக்கட்டும். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் ஆபரேஷன் ஆனவை, வெஸ்டர்ன் இல்லாமல் முடியாது. சர்க்கரை வேறு. காலை எட்டுக்கு இட்லி உள்ளே போயாக வேண்டும். எந்த ஆப்பும் இதையெல்லாம் சொல்லாது. சார்ஜர் இருக்கும் ஹோட்டல்களுக்கு வரிசையாகப் போன் போட்டேன்.

"சார்ஜர் வேலை செய்யுதுங்களா?"

"செய்யுதும்மா."

"கடைசியா எப்ப ஒரு கார் ஏத்திட்டுப் போச்சு?"

இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம். "நேத்து ராத்திரிகூட ஒருத்தர் வந்தாரு" என்று உடனே பதில் வந்தால் நம்பலாம். "இருங்க, கேட்டுச் சொல்றேன்" என்றால் அந்த இடத்தை அடித்துவிடலாம். மூன்றாவதாக வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா என்று கேட்டபோது ஒருவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. கார் கேட்கிறது என்று நினைத்திருப்பாரோ என்னவோ.

கடைசியில் மூன்று இடம் தேறியது: உளுந்தூர்பேட்டை, திருச்சி பைபாஸ், திருமங்கலம். ஒவ்வொன்றுக்கும் எதிரே மாற்று இடம் ஒன்று. திருச்சி கைவிட்டால் விராலிமலை. ஓர் இடத்தில் போய் நிற்கும்போது, அங்கே சார்ஜர் செத்துக் கிடந்தாலும் அடுத்த இடம் வரை போக மிச்சம் இருக்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஜூன் 19, வியாழன்

நாலு சார்ஜிங் கம்பெனிக்கு நாலு ஆப், நாலு வாலட். எல்லாவற்றிலும் முன்பணம் போட்டாயிற்று. பெட்ரோல் பங்கில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

ஜூன் 21, சனி. இலஞ்சி, இரவு 9 மணி

வந்து சேர்ந்துவிட்டோம். தூக்கம் வருமுன் எழுதிவிடுகிறேன்.

காலை ஐந்துக்குக் கிளம்பினோம். பெருங்களத்தூரிலேயே ஊர்ந்தோம், சனிக்கிழமை அல்லவா. பெட்ரோல் கார் என்றால் எரிச்சலாக இருக்கும். இதில் நெரிசல் லாபம்: மெல்லப் போகும்போது காற்றைக் கிழிக்கும் வேலை இல்லை. பரனூர் டோல் தாண்டும்போது யூனிட்டுக்கு 8.2 காட்டியது. அப்புறம் ரோடு விரிந்தது, எண் இறங்கியது.

உளுந்தூர்பேட்டையில் எட்டு மணி, 36 சதவீதம். 80 போதும் என்று திட்டம். அதற்கு மேலே பேட்டரி மெல்லத்தான் வாங்கும். 20லிருந்து 80 வரை ஏறும் அதே நேரத்தை 80லிருந்து 100 வரைக்கும் கேட்கும். ஆனால் அம்மா இட்லி சாப்பிட்டு, மாத்திரை போட்டு, காப்பியை ஆற்றிக் குடித்து எழுவதற்குள் 86 ஆகிவிட்டது. அம்மாவுக்காகக் கார் காத்திருந்தது.

திருச்சி பைபாஸில் 40 சதவீதத்தோடு போய் நின்றால், திரையில் சிவப்பு எழுத்து. பழுதாம். செக்யூரிட்டி தம்பி கையை விரித்தான். "காலையிலேருந்து இப்படித்தான்க்கா. மூணு வண்டி வந்து திரும்பிப் போயிருச்சு." கம்பெனி உதவி எண்ணில் பாட்டுதான் ஓடியது. விராலிமலைக்கே விட்டுவிடலாம் என்று கிளம்பப் போனவள், எதற்கும் இருக்கட்டும் என்று மெஷினைச் சுற்றி வந்தேன். பக்கவாட்டில் நாய்க்குடை மாதிரி ஒரு சிவப்புப் பித்தான், அவசரத்துக்கு நிறுத்துவது. உள்ளே அமுங்கிக் கிடந்தது. யாரோ குழந்தை விளையாடியிருக்கலாம், யாராவது சாய்ந்திருக்கலாம். அதை இழுத்தால் வராது, கடிகார முள் சுற்றும் பக்கமாகத் திருக வேண்டும். திருகினேன். டக்கென்று வெளியே துள்ளியது. இரண்டு நிமிஷம் மெஷின் எதையோ யோசித்துவிட்டுப் பச்சைக்கு வந்தது. அந்தத் தம்பி என்னை இன்ஜினீயர் என்று முடிவுகட்டிவிட்டான். அவனையே ஒருமுறை அமுக்கித் திருகிப் பார்க்கச் சொன்னேன்.

திருமங்கலத்தில் சாப்பாடு. 60 கிலோவாட் சார்ஜர், 43இல் ஏறிக்கொண்டிருந்தது. ரசத்துக்கு வரும்போது பக்கத்துக் கன்னில் இன்னொரு கார் வந்து மாட்டியது, எங்களுடையது 28க்கு விழுந்தது. பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுக்கும் மெஷின். பலகையில் 60 என்று போட்டிருப்பதை நம்பி நேரம் கணக்குப் போட்டால் இப்படித்தான். நோட்டில் குறித்துக்கொண்டேன்.

மூன்று மணிக்கு 80 சதவீதத்தோடு கிளம்பினோம். இன்னும் 140 கிலோமீட்டர், சேரும்போது 30 மிச்சம் இருக்கும் என்பது என் கணக்கு. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாவுக்கு ஒரு நிறுத்தம். ராஜபாளையம் தாண்டும் வரை எல்லாம் சரியாகத்தான் போனது. புளியங்குடிக்குப் பிறகுதான் காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கேயிருந்து வருகிற காற்று; தென்னை மரமெல்லாம் தலையைக் கிழக்கே சாய்த்துக்கொண்டு நின்றன. கடையநல்லூர்ப் பக்கம் தூரத்தில் தெரிந்த காற்றாலைகள் ஒன்றுவிடாமல் சுற்றின. எங்கள் எண் 7இலிருந்து 6, அப்புறம் 5.3. நான் 70இல்தான் போகிறேன். ஆனால் எதிர்க்காற்று முப்பது என்றால், காருக்கு அது நூறில் போகிற மாதிரிதான்.

"காத்து சும்மாவா அடிக்கு" என்றாள் அம்மா, கண்ணாடியை இறக்கிக்கொண்டே. கண்ணாடியை இறக்கினால் இன்னும் போகும் என்று சொல்ல வாயெடுத்தேன். ஊர்க் காற்று அவள் முகத்தில் பட்டு இரண்டு வருஷம் ஆகிறது. சொல்லவில்லை.

20 சதவீதத்தில் வீடு.

ஜூன் 22, ஞாயிறு

நேற்று ராத்திரியே பின்கட்டில் இருக்கும் 15 ஆம்ப் பிளக்கில் மாட்டிப் பார்த்தேன். காரோடு கொடுத்த சார்ஜிங் பெட்டியில் சிவப்பு விளக்கு கண்ணடித்தது. எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பு, இல்லையாம். எர்த் சரியில்லை என்றால் இந்தப் பெட்டி ஒரு யூனிட்கூட ஏற்றாது, அதன் பிடிவாதம் அப்படி. தென்காசியில் சார்ஜர் இருக்கிறது. ஆனால் சீசன் ஞாயிற்றுக்கிழமை, குற்றாலத்துக்கு வந்த காரெல்லாம் அங்கேதான் நிற்கும்.

காலையில் எலெக்ட்ரீசியன் தம்பி வந்தார். மீட்டர் எதையும் எடுக்கவில்லை. ஹோல்டரில் மாட்டிய நூறு வாட் குண்டு பல்பு, அதிலிருந்து இரண்டு ஒயர், அவ்வளவுதான் சாமான். பேஸிலும் நியூட்ரலிலும் வைத்தார், கண்ணைக் கூசும்படி எரிந்தது. ஒரு ஒயரை எர்த் ஓட்டைக்கு மாற்றினார். பல்புக்குள் கம்பி மட்டும் ஊதுவத்தி நுனி மாதிரி சிவந்து நின்றது.

"எர்த்து பேருக்குத்தான் இருக்கு" என்றார்.

அப்போதுதான் சித்தி சாவகாசமாகச் சொன்னாள். "அதான் கிரைண்டரு சுர்ருங்குது போல. நான் செருப்பு போட்டுட்டுல்லா மாவாட்டுவேன்."

"எத்தன வருஷமா சித்தி?"

"அது இருக்கும் ஏழெட்டு வருஷம்."

ஏழெட்டு வருஷம்! வாரத்துக்கு இரண்டு தடவை, ஈரக் கையோடு, ரப்பர்ச் செருப்பை நம்பி. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. சித்திக்கு நான் ஏன் கத்துகிறேன் என்றே புரியவில்லை. "ஏட்டி, லேசாத்தான் இழுக்கும்" என்கிறாள்.

எர்த் குழி எங்கே என்று தேடியதில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், சிமென்ட் தளத்துக்கு அடியில் இருந்தது. வயரிங் செய்த காலத்தில் அப்பா போட்டது. அப்பா இருந்தவரை கோடையில் அதில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார். எதற்கு என்று நான் கேட்டதில்லை, செடிக்கு என்று நினைத்திருந்தேன். அப்புறம் யாரோ தளம் போட்டபோது வாயை மூடிவிட்டார்கள். வெளியே சாரல் கொட்டுகிறது, உள்ளே மண் காய்ந்து கிடக்கிறது. மண் ஈரமாக இருந்தால்தான் எர்த் பிடிக்கும். செம்புக் கம்பியைத் தொட்டதும் பச்சைப் பொடியாக உதிர்ந்தது.

பழையதை விட்டுவிட்டுக் கிணற்றடியில் புதுக் குழி. எட்டடி ஜி.ஐ. பைப், சுற்றிலும் கரியும் கல்லுப்பும் மாற்றி மாற்றி, மேலே வாய் திறந்தபடி ஒரு சின்னத் தொட்டி. மூவாயிரத்துச் சொச்சம் ஆயிற்று. நாலு வாளி தண்ணீர் ஊற்றியதும் மறுபடி பல்பு வைத்தார். இந்தமுறை இரண்டு பக்கமும் ஒரே வெளிச்சம்.

சாயங்காலம் ஆறுக்கு மாட்டினேன். பச்சை. 33 யூனிட் ஏற வேண்டும், இந்தப் பிளக்கில் மணிக்கு மூன்றுதான் ஏறும். விடிந்துவிடும். ஏறட்டும், என்ன அவசரம்.

ஜூன் 24, செவ்வாய்

ஐந்தருவி, காரில் பத்து நிமிஷம். கூட்டம். சித்தி இன்றைக்கும் செருப்போடுதான் மாவாட்டினாள். கழற்றச் சொன்னேன். ஒரு விரலால் கிரைண்டரைத் தொட்டுப் பார்த்து, "ஒண்ணும் செய்யல" என்றாள். கொஞ்சம் ஏமாற்றம் மாதிரி இருந்தது அந்தக் குரல்.

ஜூன் 26, வியாழன். குரோம்பேட்டை

திரும்பும்போது காற்று முதுகில். ராஜபாளையம் வரை யூனிட்டுக்கு 7.9, அந்தப் பக்கம் போகும்போது பிடுங்கியதில் பாதியைத் திருப்பிக் கொடுத்தது. திருமங்கலத்தில் 45 சதவீதம் இருந்ததால் பத்தே நிமிஷம். அம்மாவும் இறங்கவில்லை.

வழியில் ஏற்றியதெல்லாம் போக வர சேர்த்து 104 யூனிட், ஜி.எஸ்.டி.யோடு 2,400 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். எங்கள் பழைய கார் லிட்டருக்கு 15 கொடுக்கும், அதில் போயிருந்தால் எட்டாயிரத்தைத் தொட்டிருக்கும். எர்த் குழிச் செலவை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்கிறார் இவர். அது கிரைண்டர் கணக்கு என்கிறேன் நான்.

திருச்சியில் அதே தம்பி. என்னைக் கண்டதும் ஓடிவந்தான்.

"நேத்து திரும்பவும் எவனோ அமுக்கிட்டான்க்கா. நானே திருகிட்டேன்."

நோட்டில் திருச்சிக்கு எதிரே போட்டிருந்த கேள்விக்குறியை அடித்துவிட்டேன். கக்கூஸ் கட்டத்தில் மட்டும் ஒரு திருத்தம்: தாழ்ப்பாள் இல்லை, வாசலில் ஆள் நிற்க வேண்டும்.