தண்டனை ஆணை கைக்கு வந்த நாளிலிருந்து இரண்டு மாதம்

அரசுப் பள்ளி ஆசிரியருக்குத் தண்டனை ஆணை வந்ததும் அவர் எழுதும் முதல் கடிதம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. வீட்டில் வயதான பெற்றோர், வங்கிக் கடன், இத்தனை ஆண்டு மாசற்ற பணி, இந்த ஒருமுறை மன்னித்தருள வேண்டுகிறேன். தலைப்பில் மேல்முறையீடு என்று போட்டிருக்கும், உள்ளே இருப்பது கருணை மனு. அதை இரண்டே வரியில் நிராகரித்தாலும் மேல்முறையீட்டு அலுவலரைக் குறை சொல்ல முடியாது. அவர் பதில் சொல்லியே ஆகவேண்டிய கேள்வி எதையும் அந்த மனு கேட்கவில்லை.

கேட்க வேண்டிய கேள்விகளை விதியே எழுதி வைத்திருக்கிறது. தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகளில் 23-ஆம் விதியின்படி, மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ளும் அலுவலர் மூன்றைப் பார்க்க வேண்டும். ஆணைக்கு அடிப்படையான சங்கதிகள் மெய்ப்பிக்கப்பட்டனவா? மெய்ப்பிக்கப்பட்டவை நடவடிக்கைக்குப் போதுமான காரணமா? தண்டனை மிகையா, சரியா, குறைவா? உங்கள் மேல்முறையீடு இந்த மூன்றையும் இதே வரிசையில் எழுப்பினால், பதில் ஆணையும் மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டிவரும். சொல்லாமல் விட்டால் அதுவே அடுத்த கட்டத்தில் உங்கள் முதல் வாதம்.

மூன்றாவது கேள்வியில் "குறைவா" என்ற சொல்லும் இருப்பதைக் கவனியுங்கள். மேல்முறையீட்டில் தண்டனையைக் கூட்டவும் அதிகாரம் உண்டு. கூட்டுவதற்கு முன் உங்களிடம் விளக்கம் கேட்டாக வேண்டும் என்றாலும், வாய்ப்பு இருக்கவே இருக்கிறது. வெறும் கண்டனத்தோடு முடிந்த வழக்கில், கோப்பில் உங்களுக்கு எதிரான ஆவணம் வலுவாக இருந்தால், ஒருமுறைக்கு இருமுறை யோசித்துவிட்டு எழுதுங்கள்.

காலக்கெடு, ஆணையைப் பெற்ற நாளிலிருந்து இரண்டு மாதம். ஆணையில் அச்சிட்ட தேதியிலிருந்து அல்ல. செயல்முறைகள் (அலுவலரின் எழுத்து ஆணை) ஒரு தேதியில் கையெழுத்தாகி, வட்டாரக் கல்வி அலுவலகம், பள்ளி என்று சுற்றி மூன்று வாரம் கழித்துக் கைக்கு வருவது சாதாரணம். வாங்கும்போது கையெழுத்தின் கீழ் தேதியை நீங்களே எழுதுங்கள். அஞ்சலில் வந்தால் உறையைப் பத்திரப்படுத்துங்கள். தலைமை ஆசிரியர் தேதியில்லாமல் கையெழுத்து வாங்கிக்கொண்டால், அன்றைக்கே ஒரு ஒப்புகைக் கடிதம் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிவிடுங்கள். தக்க காரணம் இருந்தால் தாமதத்தைப் பொறுக்கும் அதிகாரம் மேல்முறையீட்டு அலுவலருக்கு உண்டு, ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருப்பது ஆபத்து. அந்த இரண்டு மாதத்துக்குள் முதல்வர் தனிப்பிரிவுக்கும் சங்கத்துக்கும் அனுப்பிய மனுக்கள் எதுவும் மேல்முறையீடாகக் கணக்கில் வராது. இந்த ஒரு குழப்பத்தால் கெடுவைத் தவறவிட்டவர்கள் ஏராளம். சட்டமன்ற உறுப்பினரின் பரிந்துரைக் கடிதத்தை இணைப்பது இன்னும் மோசம். வெளிச் செல்வாக்கைப் பயன்படுத்துவது நடத்தை விதிகளுக்கு மாறானது, அதற்கே தனிக் குறிப்பாணை (குற்றச்சாட்டைச் சொல்லி விளக்கம் கேட்கும் ஆணை) வரலாம்.

உங்கள் ஆணை அதே விதிகளின் பதினேழு ஏ-யில் பிறந்ததா, பதினேழு பி-யில் பிறந்ததா என்று முதலில் பாருங்கள். தமிழ் ஆணைகளில் 17(அ), 17(ஆ) என்று இருக்கும். 17(அ) சிறு தண்டனைக்கு: குறிப்பாணை, உங்கள் விளக்கம், ஆணை, அவ்வளவுதான். 17(ஆ) பெருந்தண்டனைக்கு: குற்றச்சாட்டுகள், அவற்றின் விவரம், ஆவணப் பட்டியல், சாட்சிப் பட்டியல், எழுத்து வாக்குமூலம், வாய்மொழி விசாரணை, விசாரணை அறிக்கை, அதன் மீது உங்கள் கருத்து, பிறகே ஆணை. 17(அ)-வில் தொடங்கிவிட்டு 17(ஆ)-வுக்குரிய தண்டனையைக் கொடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஊதிய உயர்வைத் திரண்ட பயனுடன் நிறுத்துவது அப்படிப்பட்டது. அது பெருந்தண்டனை, விசாரணையின்றி விதிக்க முடியாது என்று குல்வந்த் சிங் கில் வழக்கில் 1990-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

திரண்ட பயனுடன், திரண்ட பயனின்றி என்ற ஒரு சொல் வித்தியாசத்தைப் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். கணக்குப் போட்டால் புரியும். பட்டதாரி ஆசிரியரின் அடிப்படை ஊதியம் 36,400 ரூபாய், அடுத்த உயர்வில் 37,500 ஆக வேண்டும் என்று வையுங்கள். ஓராண்டுக்குத் திரண்ட பயனின்றி நிறுத்தினால் மாதம் 1,100 வீதம் 13,200 ரூபாயும், அதற்குரிய அகவிலைப்படியும் போகும். ஆண்டு முடிந்ததும் ஊதியம் பழைய பாதைக்கு வந்துவிடும். திரண்ட பயனுடன் என்றால் அந்த இடைவெளி திரும்பி நிரம்பாது. இன்னும் 20 ஆண்டு பணி இருந்தால் அடிப்படையில் மட்டுமே குறைந்தது 2,64,000 ரூபாய். ஒவ்வோர் உயர்வும் சுமார் 3 விழுக்காடு என்பதால் இடைவெளி ஆண்டுக்காண்டு அகலும், ஓய்வுக்காலப் பணம் வரை தொடரும். தண்டனை மிகை என்று எழுதும்போது இந்தக் கணக்கை மேல்முறையீட்டில் அப்படியே வையுங்கள். "மிகக் கடுமையான தண்டனை" என்ற சொற்றொடரைவிட ஒரு ரூபாய்க் கணக்கு அதிகம் பேசும்.

முதல் கேள்விக்கு, அதாவது மெய்ப்பிக்கப்பட்டதா என்பதற்கு வருவோம். மேல்முறையீட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இதற்கான சரக்கு விசாரணைக் கட்டத்திலேயே சேர்ந்திருக்க வேண்டும் என்பதுதான் வருத்தமான உண்மை.

பள்ளிக் கல்வியில் நடக்கும் பல விசாரணைகள் வெறும் வினா விடைத் தாள்கள். விசாரணை அலுவலராக நியமிக்கப்பட்டவர் ஆசிரியரை எதிரே உட்கார வைத்து, "இந்தத் தேதியில் ஏன் பள்ளிக்கு வரவில்லை? இதற்கு என்ன சொல்கிறீர்?" என்று பத்துக் கேள்வி கேட்டு, பதிலை எழுதிக் கையெழுத்து வாங்கி, "விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை, குற்றச்சாட்டு நிரூபணமாகிறது" என்று முடித்துவிடுவார். சாட்சி யாரும் வரவில்லை, குறுக்கு விசாரணை நடக்கவில்லை, புகார் எழுதியவரே முகம் காட்டவில்லை. இது விசாரணையே அல்ல. குற்றம் சாட்டிய துறைதான் முதலில் தன் ஆவணத்தையும் சாட்சியையும் முன்வைக்க வேண்டும், பிறகுதான் ஆசிரியரின் முறை. சாட்சி சொல்ல யாரும் வராமல் ஆவணத்தை மட்டும் வைத்துவிட்டால் அது மெய்ப்பித்ததாகாது என்று ரூப் சிங் நேகி வழக்கில் (2009) உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விசாரணை அலுவலர் நடுநிலை மனிதர், துறையின் வக்கீல் அல்ல என்பதை சரோஜ் குமார் சின்கா வழக்கில் (2010) வலியுறுத்தியது.

அதனால் 17(ஆ) குறிப்பாணை கைக்கு வந்ததுமே சிலவற்றைச் செய்துவிட வேண்டும். குறிப்பாணையை வாங்க மறுக்காதீர்கள். மறுத்தால் விசாரணை ஒருதலையாக நடந்து முடியும். பட்டியலில் உள்ள ஒவ்வோர் ஆவணத்தின் நகலையும் எழுத்தில் கேளுங்கள், கேட்ட கடிதத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். தராவிட்டால் அந்தக் கடிதம்தான் பின்னால் உங்கள் ஆயுதம். எழுத்து வாக்குமூலத்தின் கடைசிப் பத்தியில் "வாய்மொழி விசாரணை கோருகிறேன்" என்று மறக்காமல் எழுதுங்கள். கேட்காவிட்டால் நடக்காமலே போகலாம், பின்னால் நடக்கவில்லை என்று வாதாடுவதும் கடினமாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிரச்சினை சீக்கிரம் முடியட்டும் என்று "தவறு நேர்ந்துவிட்டது, இனி நேராது" என்று எழுதித் தராதீர்கள். தலைமை ஆசிரியரோ அலுவலக உதவியாளரோ நல்லெண்ணத்தில்தான் அப்படி எழுதச் சொல்வார்கள். ஆனால் அந்த ஒரு வரி ஒப்புதல் வாக்குமூலமாகிவிடும், அதன்பின் எந்த மேல்முறையீட்டிலும் முதல் கேள்வியை எழுப்ப முடியாது.

விசாரணை அறிக்கையின் நகல், தண்டனைக்கு முன் உங்கள் கைக்கு வந்ததா? வராமலே தண்டனை ஆணை வந்திருந்தால், அறிக்கையை முன்கூட்டியே தர வேண்டும் என்ற கருணாகர் வழக்கின் (1993) தீர்ப்பைக் குறிப்பிடுங்கள். கூடவே, அறிக்கை கிடைத்திருந்தால் இன்ன பிழையை எடுத்துக்காட்டியிருப்பேன், முடிவு இப்படி மாறியிருக்கும் என்று பாதகத்தையும் காட்டுங்கள். அறிக்கை தரவில்லை என்பதற்காகத் தண்டனை தானாக ரத்தாகாது என்பதும் அதே தீர்ப்புதான். விசாரணை அலுவலர் "நிரூபணமாகவில்லை" என்று எழுதியும் மேலதிகாரி மாறுபட்டுத் தண்டித்திருந்தால் அது தனி வாதம். மாறுபடுவதற்கான காரணங்களை முதலில் உங்களுக்குத் தெரிவித்து, கருத்துக் கேட்டிருக்க வேண்டும் (குஞ்ச் பிகாரி மிஸ்ரா வழக்கு, 1998).

எழுதும் முறைக்கு வருகிறேன். ஐந்தாறு பக்கம் போதும். முதல் பக்கத்தில் தேதி வரிசை: குறிப்பாணை எண்ணும் நாளும், பெற்ற நாள், விளக்கம் கொடுத்த நாள், விசாரணை நாள்கள், அறிக்கை பெற்ற நாள், தண்டனை ஆணையின் ந.க. எண்ணும் (கோப்பு எண்) நாளும், பெற்ற நாள். பிறகு ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாக, என்ன ஆதாரம் வைத்தார்கள், அதில் என்ன ஓட்டை, உங்கள் மறுப்பு ஆவணம் எது என்று எழுதுங்கள். குற்றச்சாட்டே "சரிவரப் பணியாற்றவில்லை" என்று மொட்டையாக இருந்தால், தேதியும் செயலும் இல்லாத குற்றச்சாட்டுக்கு யாரும் பதில் சொல்ல முடியாது என்பதை முதலிலேயே பதியுங்கள். நடந்ததாகச் சொல்லும் சம்பவத்துக்கும் குறிப்பாணைக்கும் பல ஆண்டு இடைவெளி இருந்தால் அதையும் எழுதுங்கள். தமிழ்நாடு வீட்டு வசதி வாரிய ஊழியர் பி.வி. மகாதேவன் வழக்கில் (2005) விளக்கமற்ற பத்தாண்டுத் தாமதத்துக்காகவே குறிப்பாணையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதிகாரியின் குணம், சாதி, உள்நோக்கம் பற்றிய ஏச்சு வேண்டாம். உள்நோக்கம் உண்மையாகவே இருந்தால் அதை நாள், ஆவணம் சகிதம் ஒரு தனிப் பத்தியில் சொல்லுங்கள். தகாத மொழி இருந்தால் மேல்முறையீட்டைத் திருப்பி அனுப்பவே வழி கிடைத்துவிடும். முடிவில் மூன்று கோரிக்கை: ஆணையை ரத்து செய்தல், இல்லையேல் தண்டனையைக் குறைத்தல், நேரில் கேட்டல். அதோடு, தீர்வு வரும்வரை தண்டனையை நிறுத்தி வைக்கத் தனி மனு. மேல்முறையீடு போட்டதாலேயே தண்டனை நின்றுவிடாது.

தண்டித்த அலுவலர் வழியாக, அவருக்கு மேலே உள்ள மேல்முறையீட்டு அலுவலருக்கு என்று முகவரியிட்டு உரிய வழியில் கொடுங்கள். முன்நகல் ஒன்றை மேல்முறையீட்டு அலுவலருக்கு விரைவஞ்சலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பி, சேர்ந்ததற்கான ஒப்புகையை வையுங்கள். கீழ் அலுவலகத்தில் கோப்பு உறங்குவதுதான் மிகச் சாதாரணமான சாவு. மூன்று மாதத்தில் அசைவு இல்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, கோப்பின் நகலையும், அதில் அலுவலர்கள் எழுதிய குறிப்புகளையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். கேள்வி போனதுமே பல கோப்புகள் நகர்கின்றன.

"மேல்முறையீடு பரிசீலிக்கப்பட்டது, ஏற்க இயலாது" என்ற ஒருவரி ஆணை வந்தால் கலங்க வேண்டாம். ராம் சந்தர் வழக்கில் (1986) ரயில்வே ஊழியருக்காகச் சொன்ன கொள்கை இங்கும் பொருந்தும்: மேல்முறையீட்டு ஆணை காரணம் சொல்ல வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ நீதிப்பேராணை மனு போடும்போது, அத்தகைய ஆணை ரத்தாகி மறுபரிசீலனைக்குத் திரும்புவது சாதாரணம். மேல்முறையீடே போடாமல் நேராக உயர் நீதிமன்றம் போனால், மாற்றுப் பரிகாரம் இருக்கிறதே என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். சாட்சியத்தை மறுபடி எடைபோட்டுப் பார்ப்பது நீதிமன்றத்தின் வேலையும் அல்ல. அதைச் செய்யக்கூடிய கடைசி இடம் மேல்முறையீட்டு அலுவலரின் மேசைதான். இதனால்தான் அந்த ஐந்தாறு பக்கத்துக்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன்.

தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு இந்த விதிகள் பொருந்தா. அவர்களுக்கு 2018-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் பள்ளிகள் (ஒழுங்குபடுத்துதல்) சட்டம் தனி வழி வைத்திருக்கிறது. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

மேல்முறையீட்டில் வென்றவர்கள் செய்ய மறக்கும் ஒன்று இருக்கிறது. தண்டனை ரத்தானால், பணிப்பதிவேட்டில் தண்டனையைப் பதிந்த பக்கத்திலேயே ரத்து ஆணையின் எண்ணும் நாளும் ஏறியிருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். ஊதியத்தை மறுநிர்ணயம் செய்து நிலுவை கேட்டு மனு கொடுங்கள். இடைப்பட்ட காலத்தில் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் விடுபட்டிருந்தால், ரத்து ஆணையை இணைத்து அந்த ஆண்டின் பட்டியலையே மறுபரிசீலிக்கக் கோருங்கள்.