உப்புசத்துக்கு ஊதிப் பார்த்த பரிசோதனை

பாலக்கோட்டில் ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் சாப்பிட்டே வளர்ந்த எனக்கு அதுவே ஒத்துக்கொள்ளாமல் போனது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் வயிறு உப்பிக் கல்லாகிவிடும். அடிக்கடி பேதி, பாதத்தில் மதமதப்பு வேறு. காட்டிய இடத்திலெல்லாம் ‘கேஸ்’ என்று, வயிற்று அமிலம் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரை எழுதினார்கள். எண்டோஸ்கோப்பியிலும் ஒன்றும் தெரியவில்லை.

சேலத்தில் பார்த்த குடல் மருத்துவர்தான், சர்க்கரை எத்தனை வருடமாக இருக்கிறது என்று முதலில் கேட்டார். பாக்டீரியாக்கள் கூட்டமாக இருக்க வேண்டிய இடம் பெருங்குடல். சிறுகுடலில் குறைவாகத்தான் இருக்கும். வயிற்று அமிலம் அவற்றை அடக்கும். வெறும் வயிற்றில் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுகுடல் சுருங்கி மிச்சமீதியைக் கூட்டித் தள்ளும். நாள்பட்ட சர்க்கரை அந்த அசைவை நடத்தும் நரம்புகளைக் கெடுக்கும்; அமிலம் குறைக்கும் மாத்திரையும் வருடக்கணக்கில் போனால் பாக்டீரியா பெருக இன்னும் வசதி. அவை சோற்றைப் புளிக்கவைத்து வாயு உண்டாக்கும், பி12 சத்தையும் எடுத்துக்கொள்ளும். எனக்கு பி12 குறைவாகவே இருந்தது. அதற்குச் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினும் காரணமாக இருக்கலாம் என்றார்.

அடுத்து மூச்சுப் பரிசோதனை. இதற்குத் தயாராவதுதான் முக்கியம். அதற்கு முந்தைய 4 வாரத்தில் ஆன்டிபயாடிக் எடுத்திருக்கக் கூடாது. முந்தின நாள் பருப்பு, ராகி, வெங்காயம், பூண்டு, பால் எதுவும் கிடையாது. வெள்ளைச் சோறும் முட்டையும்தான். இரவு முழுக்கப் பட்டினி. சர்க்கரைக்காரர்கள் அன்று காலை மாத்திரையை என்ன செய்வது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நம் குடலால் செரிக்க முடியாத, பாக்டீரியா மட்டும் புளிக்கவைக்கும் லாக்டுலோஸ் சிரப்பைக் குடித்துவிட்டு, 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஊத வேண்டும். நம் உடம்பு ஹைட்ரஜனைத் தயாரிப்பதில்லை. குடல் பாக்டீரியா உண்டாக்குவதுதான் ரத்தத்தில் கலந்து மூச்சில் வருகிறது. 90 நிமிடத்துக்குள் மூச்சில் ஹைட்ரஜன் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) கூடினால் சிறுகுடலில் பெருக்கம் என்று கணக்கு. எனக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ஏறிவிட்டது. சிரப் சீக்கிரம் பெருங்குடலுக்குப் போனாலும் எண் ஏறுமாம். அதனால் மற்ற அறிகுறிகளையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு சொன்னார்.

ரிஃபாக்ஸிமின் என்ற ஆன்டிபயாடிக்கை 14 நாள் கொடுத்தார். விலை அதிகம்தான், ஆனால் வயிறு நன்றாகவே இளகியது. அப்புறம் பான்டோபிரசோலை நிறுத்தச் சொன்னார், பி12 ஊசி போட்டார். எங்கள் பக்கம் சர்க்கரையோடு கேஸ் மாத்திரையும் வருடக்கணக்கில் விழுங்குகிறவர்கள் நிறையப் பேர். கேஸ் மாத்திரை இன்னும் தேவையா, உப்புசத்துக்குக் காரணம் என்ன என்று தயவுசெய்து மருத்துவரிடம் கேளுங்கள்.

இப்போது களி தாராளமாகச் செரிக்கிறது. அவரைக்கொட்டை மட்டும் கொஞ்சமாக. சர்க்கரை ஏறினால் தொல்லை திரும்பலாம் என்று சொல்லியிருப்பதால், சாப்பாட்டுக்கு நடுவே கொறிப்பதை விட்டுவிட்டேன்.