ஆவுளியாவைப் பதிய ஒரு கணக்கு

கடல் உயிரினங்களைக் கண்காணிக்கும் சில இணையதளங்களில் புதுக் கணக்கு உடனே திறந்துவிடாது. யாராவது ஒருவர் விண்ணப்பத்தைப் படித்துப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் களப்பணி செய்யும் எனக்கு அந்தத் தாமதம் நியாயமாகவே படுகிறது. ஆவுளியா என்கிற கடல் பசு எங்கே மேய்கிறது, பங்குனி ஆமை எந்த மணலில் முட்டையிட்டது என்பதெல்லாம் கண்டவர் கைக்கும் போகக்கூடாத தகவல். 2001-இல் கடல் அட்டைக்குச் சட்டப் பாதுகாப்பு வந்த பிறகும் இந்தக் கரையில் கடத்தல் நின்றபாடில்லை. யாரும் தாங்கள் பார்த்த உயிரினத்தைப் பதியக்கூடிய ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் இடத்தை 0.2 டிகிரி கட்டத்துக்குள் மங்கலாக்கித்தான் காட்டுவார்கள். நம் ஊர்க் கணக்கில் சுமார் 22 கி.மீ. அகலம். அந்தக் கவனம் வேண்டும்.

என் ஆதங்கம் விண்ணப்பப் படிவத்தைப் பற்றியது. நாங்கள் பயன்படுத்தும் தளத்தில் நிறுவனத்தின் பெயரும் நிறுவன மின்னஞ்சலும் கட்டாயம். எங்களோடு பழகும் மீனவர் அண்ணன் ஒருவருக்காக அதை நிரப்ப உட்கார்ந்தோம். "கம்பெனி பேரு கேக்குதே தம்பி, படகு பேரைப் போடலாமா?" என்று கேட்டார். என்னைக் கேட்டால் அதைவிடப் பொருத்தமான பதில் இல்லை.

அவர் ஆவுளியாவைப் பார்த்ததைச் சொல்லும் விதமே வேறு. "கச்சான் விட்ட மறுநாள். மூணு பாகம் தண்ணி, கீழ பூரா புல்லு. மூச்சு விட மேல வந்துச்சு, குட்டி பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு வந்துச்சு." காற்று, ஆழம், கடல் புல், குட்டி என்று ஒரு ஆய்வாளருக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. அவர் சொல்ல நான் பதியலாம்தான். ஆனால் பதிவில் என் பெயர்தான் நிற்கும். பார்த்த கண் அவருடையது.

2022-இல் அறிவிக்கப்பட்ட கடல் பசு காப்பகம், 448 சதுர கி.மீ., தஞ்சாவூர், புதுக்கோட்டை கடற்பகுதியில் இருக்கிறது. எங்கள் மாவட்டம் அதில் வராது. அதனாலேயே இங்கே தென்படும் ஒவ்வொன்றும் பதிவாக வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம்.

விண்ணப்பம் 'பரிசீலனையில்' என்றே கிடந்தது. அப்புறம் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் கடிதம் வாங்கி, அவருடைய மீனவர் அடையாள அட்டை நகலையும் இணைத்து, அவர் யார், எந்தப் பகுதியில் தொழில் செய்கிறார் என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினோம். அந்தப் பக்கம் இருந்தவர் பொறுமையாகப் படித்திருக்க வேண்டும். இரண்டு கேள்விகள் கேட்டார், பதில் சொன்னோம், ஒப்புதல் வந்தது. பதிவிடலாம், தன் பதிவுகளின் துல்லியமான இடத்தைத் தான் மட்டும் பார்க்கலாம். இதை விளக்கியபோது அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்று: "மத்தவனுக்கு இடம் தெரியாதுல்ல? அப்பச் சரி."

இப்போது பாசி எடுக்கப் போகும் அக்காக்கள் சிலர் தங்களுக்கும் கணக்கு வேண்டும் என்கிறார்கள். கரையோரத் தண்ணீரில் இடுப்பளவு இறங்கி நிற்பவர்கள். ஆமைகளை அவர்களைவிட அருகில் பார்ப்பவர்கள் குறைவு. அவர்களில் பலருக்குத் தனி மின்னஞ்சல் கிடையாது, வீட்டில் இருப்பதும் ஒரே கைபேசி. நிறுவனம் இல்லாதவர்களுக்குச் சங்கத்தின் பெயரோ ஊரின் பெயரோ போதும் என்று படிவத்தை மாற்றச் சொல்லி அந்தத் தளத்துக்கு எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை சங்கக் கடிதங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.