சேன்-தெனியில் இருந்த என் ஓட்டு புதுச்சேரிக்கு வந்த கதை

பணி ஓய்வு பெற்றுப் புதுச்சேரிக்குத் திரும்பியபோது மூட்டை முடிச்சுகளோடு ஓட்டையும் எடுத்து வர வேண்டியிருந்தது. என் அப்பா பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா, அதாவது சிப்பாய். 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவிடம் வந்தது. அதன்பின் ஆறு மாத அவகாசத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அப்பா எழுதிக் கொடுத்தார். சிறுமியாக இருந்த எனக்கும் அதே குடியுரிமை. பிறகு ரீயூனியன் தீவில் செவிலியர் வேலை, தலைநகர் சேன்-தெனியில் வீடு.

அங்கே ஓட்டுரிமை பற்றி யோசிக்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் கிடந்தாலும் 1946 முதல் அது பிரான்சின் ஒரு மாவட்டம். ஜனாதிபதி, ஏழு நாடாளுமன்ற உறுப்பினர்கள், ஊர் மேயர் என்று பாரிஸ்காரர் போடும் ஓட்டெல்லாம் அங்கும் உண்டு. அட்லாண்டிக் பக்கமுள்ள குவாதலூப், மார்த்தினிக் போன்ற இடங்களில் ஒரு நாள் முன்னதாக, சனிக்கிழமையே வாக்குப்பதிவு. கடிகாரம் பின்தங்கிய ஊர்கள் அவை. ஞாயிறன்று வைத்தால் பாரிஸ் முடிவைக் கேட்டுவிட்டு மாலையில் ஓட்டுப் போடும்படி ஆகிவிடும்.

2021-இல் திரும்பியதும் துணைத் தூதரகப் பதிவேட்டில் பெயர் சேர்த்தேன். அதில் சேர்ந்தால், வேண்டாம் என்று சொல்லாதவரை, தூதரக வாக்காளர் பட்டியலிலும் பெயர் ஏறிவிடும். பழைய ஊர்ப் பட்டியலிலிருந்து போய்விடும். முன்பெல்லாம் இரண்டு பட்டியலிலும் பெயரை வைத்துக்கொள்ள முடிந்தது. 2019 முதல் ஒரே தேசியப் பதிவேடு, ஒருவருக்கு ஓரிடம்தான். சேன்-தெனி மேயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அத்துடன் கழன்றது.

விண்ணப்பம் இணையத்தில்தான். பாஸ்போர்ட், புகைப்படம் எல்லாம் தயார். முகவரிச் சான்றுதான் இடித்தது. எங்கள் வீட்டு மின்கட்டண ரசீது இன்னும் இறந்துபோன அப்பாவின் பெயரிலேயே வருகிறது. புதுச்சேரியில் பாதி வீடுகளில் இதே கதைதான். போதாக்குறைக்கு ரசீதில் அவர் பெயர் இந்திய முறையில் தலைப்பெழுத்தோடு. என் பாஸ்போர்ட்டிலோ அது குடும்பப் பெயராக முழு நீளத்தில். இரண்டும் ஒரே குடும்பம் என்று காகிதத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. கடைசியில் என் பெயரும் இவ்வூர் முகவரியும் இருந்த வங்கிக் கணக்கு அறிக்கையை இணைத்தேன், ஏற்றுக்கொண்டார்கள். பிறகு அரசு இணையதளத்தில் பிறந்த தேதியும் பெயரும் கொடுத்து, எந்தப் பட்டியலில் இருக்கிறேன் என்று பார்த்துக்கொண்டேன். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே ஒவ்வோர் எழுத்தும் இருக்க வேண்டும். தேர்தலுக்கு முந்தைய ஆறாவது வெள்ளிக்கிழமையோடு பட்டியல் மூடப்படும் என்பதால் இதை முன்கூட்டியே செய்துவிடுவது நல்லது.

2022 ஏப்ரல் 10, ஜனாதிபதி தேர்தலின் முதல் சுற்று. இந்தியத் தேர்தலை மட்டுமே பார்த்தவர்களுக்கு இந்த வாக்குச்சாவடி விசித்திரமாக இருக்கும். இயந்திரம் இல்லை, விரலில் மை இல்லை, சின்னமும் இல்லை. மேசையில் பன்னிரண்டு வேட்பாளர்களுக்குப் பன்னிரண்டு காகித அடுக்குகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் மட்டும். வேண்டியதை மட்டும் எடுத்தால் பின்னால் நிற்பவருக்குத் தெரிந்துவிடும் என்பதால் சிலவற்றைச் சேர்த்து எடுத்துக்கொண்டு மறைப்புக்குள் போய், ஒன்றை உறையில் போட்டுவிட்டு மற்றவற்றைக் கசக்கிப் போட வேண்டும். உள்ளே தெரியும் பெட்டியில் உறையை இட்டதும், "ஆ வோத்தே!" (ஓட்டுப் போட்டாயிற்று) என்று குரல் கொடுக்கிறார்கள். பட்டியலில் கையெழுத்து, அவ்வளவுதான்.

வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பாட்டி, அவரும் ஒரு சொல்தாவின் மனைவி, "இலை, சூரியன் மாதிரி ஒன்றும் இல்லையேம்மா, எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று என்னிடம் அலுத்துக்கொண்டார். ஆனால் வீட்டிலிருந்தே பிரசாரத் தாளிலிருந்து ஒரு பெயரைக் கிழித்து முந்தானையில் முடிந்து வந்திருந்தார். மேசையருகே முடிச்சை அவிழ்த்து, துண்டை ஒவ்வோர் அடுக்கின் மேலும் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். பின்னால் வரிசை நின்றது. யாரும் முணுமுணுக்கவில்லை.

மாலையில் எண்ணிக்கைக்கும் நின்றேன். இதற்கு அதிகாரியாக இருக்க வேண்டியதில்லை. பிரெஞ்சு எழுதப் படிக்கத் தெரிந்த வாக்காளர் யாரும் உட்காரலாம். மேசைக்கு நால்வர், நூறு நூறாகக் கட்டிய உறைகள். ஒருவர் பிரித்து நீட்ட, ஒருவர் பெயரை உரக்கப் படிக்க, இருவர் தனித்தனியே கோடு போடுகிறார்கள். ஓர் உறையில் ஒரே வேட்பாளரின் தாள் இரண்டு இருந்தால் ஒரு ஓட்டு. இருவேறு பெயர்கள் இருந்தால் செல்லாது. வெற்று உறை, வெள்ளை ஓட்டு என்று தனிக் கணக்கு. எங்கள் சாவடியில் யார் முந்தினார் என்பது எங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் பாரிஸில் இரவு எட்டு, அதாவது இங்கே பதினொன்றரை ஆகும்வரை எந்த முடிவையும் வெளியிடக் கூடாது. ஏப்ரல் 24 இரண்டாம் சுற்றில் மக்ரோன் வென்றார். ரீயூனியனிலோ அவரை எதிர்த்து நின்ற தீவிர வலதுசாரி லெ பென் 59 சதவீதத்துக்கும் மேல் வாங்கினார். அன்றிரவு சேன்-தெனித் தோழி தொலைபேசியில் அழைத்துக் கொட்டிய ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது.

ஜூனில் நாடாளுமன்றத் தேர்தல். வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக்காரர்களுக்கு 2012 முதல் பதினொரு தொகுதிகள். நாங்கள் பதினொன்றாவது: ரஷ்யாவும் ஆஸ்திரேலியாவும் காரைக்காலும் ஒரே தொகுதி! இந்தத் தேர்தலில் இணையம் வழியாகவும் ஓட்டுப் போடலாம். ஜனாதிபதி தேர்தலுக்கு அந்த வசதி கிடையாது. அடையாளக் குறியீடு மின்னஞ்சலில் வரும், கடவுச்சொல் எஸ்எம்எஸ்ஸில் வரும். பதிவேட்டில் ரீயூனியன் எண்ணை எடுத்துவிட்டு இந்திய எண்ணைக் கொடுத்திருந்தேன். எனக்கு இரண்டும் வந்தன. அர்ஜென்டினாவில் பலருக்கு அந்த எஸ்எம்எஸ் போய்ச் சேரவில்லை. அதனால் 2023 ஜனவரியில் பிரான்சின் அரசியலமைப்பு மன்றம் அவர்கள் தொகுதியின் தேர்தலையே ரத்து செய்தது.

இவ்வளவும் போட முடிந்த எனக்கு, வாசலில் ஓடும் சாக்கடையைப் பற்றி ஓட்டு மூலம் சொல்ல வழியில்லை. கையில் இருப்பது வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை. சட்டமன்றம், மக்களவை எதற்கும் அது வாக்குரிமை தராது. ஒருமுறை பக்கத்து வீட்டு அண்ணனிடம் இதைச் சொல்லி நொந்துகொண்டேன். "எனக்கு மட்டும் என்ன வாழ்கிறது? இங்கே நகராட்சித் தேர்தல் 2006-இல் நடந்ததோடு சரி" என்றார்.

எங்களுக்கென்று உள்ளூரில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது தூதரக வட்டாரத்து ஆலோசகர்களை மட்டும்தான். இங்குள்ளோர் பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் பிரெஞ்சுப் பள்ளியான லிசேயில் படிக்கும் பிள்ளைகளின் உதவித்தொகை, வசதியற்ற முதியோருக்கான உதவி இரண்டையும் பரிசீலிக்கும் குழுவில் உட்காருபவர்கள் அவர்கள்தான். செனட்டில் வெளிநாட்டுப் பிரெஞ்சுக்காரர்களுக்கு உள்ள 12 இடங்களுக்கு ஓட்டுப் போடுபவர்களிலும் அவர்கள் உண்டு. 2021 மே மாதம் அவர்களுக்கான தேர்தல் நடந்தது. அடுத்தது 2026 மே என்று வகுத்திருக்கிறார்கள். அதற்கும் இணைய ஓட்டு உண்டு, ஆகவே மொபைல் எண்ணை மாற்றியவர்கள் முதலில் பதிவேட்டில் அதை மாற்றிவிடுங்கள்.