ஒரே பல்பு, இரண்டு மின்தடை

12 வோல்ட், 21 வாட் என்று பொறித்த ஒரு வண்டி இண்டிகேட்டர் பல்பை மல்டிமீட்டரில் ஓம் பக்கம், அதாவது மின்தடையை அளக்கும் பக்கம், வைத்துப் பார்த்தேன். மீட்டரின் இரண்டு முனைகளையும் தொடவைத்தால் காட்டுகிற 0.2-ஐக் கழித்த பிறகு 0.6 ஓம். வோல்ட்டை ஓமால் வகுத்தால் 20 ஆம்பியர், அதை 12-ஆல் பெருக்கினால் 240 வாட். பல்பிலோ 21 என்று இருக்கிறது! மறுபடி போட்டாலும் அதே விடைதான்.

சரி, எரியவிட்டே அளப்போம் என்று பேட்டரியில் இணைத்தேன். பல்பின் இரு முனைகளில் 12 வோல்ட், தொடராக வைத்த அம்மீட்டரில் 1.75 ஆம்பியர். இப்போது வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை 6.86 ஓம், பெருக்கினால் திறன் சரியாக 21 வாட். எரியும்போது டங்ஸ்டன் இழை 2000 டிகிரி செல்சியசையும் தாண்டிச் சூடாகிறது, சூடு ஏற ஏற உலோகத்தின் தடையும் ஏறும், அதனால்தான் குளிர்ந்த பல்புக்கும் எரிகிற பல்புக்கும் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். வகுத்து வருகிற தடை என்பது அந்த நேரத்தில், அந்த மின்னழுத்தத்தில் (வோல்ட்டில்) உள்ள தடை மட்டுமே. மின்னழுத்தமும் மின்னோட்டமும் நேர்விகிதத்தில் இருக்கும் என்கிற ஓம் விதியைப் படிக்கிற ஒவ்வொருவருக்கும் இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் 'வெப்பநிலை மாறாத வரை' என்று விதியிலேயே இருக்கிற வார்த்தைகளைத்தான் நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம்.

6 வோல்ட்டிலும் பார்த்தேன். தடை 6.86 ஓமிலேயே நின்றிருந்தால் பாதி அழுத்தத்துக்குத் திறன் கால் பங்காக, அதாவது 5.25 வாட்டாகக் குறைந்திருக்க வேண்டும். ஆனால் மின்னோட்டம் 1.2 ஆம்பியர், ஆக 7.2 வாட், தடை 5 ஓம். இழை மங்கலாக, சூடு குறைவாக எரிகிறது, தடையும் இறங்கிவிட்டது. சாதாரண ரெசிஸ்டரை வைத்து இதையே செய்தால் கால் பங்கு கணக்கு கச்சிதமாக வரும்.

மில்லிஆம்பியரை ஆம்பியராக மாற்ற மறக்காதீர்கள். 5 வோல்ட்டில் ஒரு எல்.இ.டி., அதற்கு 2 வோல்ட் போக மீதி 3 வோல்ட், 20 மில்லிஆம்பியர் என்றால் 3-ஐ 0.02-ஆல் வகுக்க வேண்டும்: தொடராக வைக்க வேண்டிய ரெசிஸ்டர் 150 ஓம். 20-ஆல் வகுத்து 0.15 ஓம் போட்டால் எல்.இ.டி. போய்விடும். அதே மாதிரி, மல்டிமீட்டரை ஆம்பியர் பக்கம் வைத்துக்கொண்டு பேட்டரியின் இரு முனைகளிலும் நேராக வைக்கவே கூடாது, அந்தப் பக்கத்தில் மீட்டரின் தடை மிகக் குறைவு, ஃபியூஸ் போகும் அல்லது அதைவிட மோசமாகும்.

இன்னொன்று, அழுத்தத்தைப் பல்பிலேயே அளந்ததற்குக் காரணம் உண்டு. பல்பு எரியும்போது பேட்டரி முனையில் 12.6 வோல்ட் இருந்தது, அந்த 0.6 வோல்ட் ஒயரிலும் இணைப்புகளிலும் விழுகிறது. 1.75-ஆல் வகுத்தால் 0.34 ஓம், பெருக்கினால் ஒரு வாட்டுக்குச் சற்று மேல், அவ்வளவும் ஒயரைச் சூடாக்குவதற்கே போகிறது.

அப்புறம், முதலில் வந்த அந்த 20 ஆம்பியர் முழுப் பொய்யும் இல்லை. சுவிட்சைப் போட்ட கணத்தில் இழை குளிர்ந்துதானே இருக்கிறது. 0.6 ஓமோடு ஒயரின் 0.34-ஐயும் கூட்டி 12.6-ஐ வகுத்தால் 13 ஆம்பியருக்கு மேல் வருகிறது, ஒரு வினாடிக்கும் மிகக் குறைவான நேரத்துக்கு ஏறத்தாழ அவ்வளவு பாய்ந்துவிட்டுத்தான் 1.75-க்கு இறங்குகிறது. பழைய பல்புகள் பெரும்பாலும் சுவிட்ச் போடும்போதே 'டப்'பென்று போவது இந்தக் கணத்தில்தான்.